கைனீசியாவில் கை இல்லை

நல்லதண்ணி பஸ் தரிப்பிடத்தில் இறங்கி, டீச்சர் கடை எது என்று கேட்டால் சின்னப்பிள்ளைகூட வழி காட்டும். கடை என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. செல்லசாமியின் தேத்தண்ணிக் கடையை ஒட்டி இறக்கிய ஒரு தகரக் கூரை, அதன் கீழே ஒரு போட்டோ கொப்பி மெஷின், ஒரு மேசை, இரண்டு பிளாஸ்டிக் கதிரை. டீச்சர் என்றாலும் டீச்சர் இல்லை. தனலெட்சுமி தன் நாற்பத்தேழு வயதில் ஒரு நாள்கூடக் கரும்பலகைக்கு முன்னால் நின்றதில்லை. பள்ளிக்கூடம் முடிக்கும் ஓ.எல். பரீட்சையில் இங்கிலீஷுக்குத் திறமைச் சித்தி எடுத்தாள். அந்த வருடம் அவள் தேயிலைத் தோட்டத்தில் அதை எடுத்தது அவள் ஒருத்திதான். பிறகு கொழும்பில் ஒரு வீட்டில் ஒன்பது வருடம் சமையல் வேலை. அந்த வீட்டு எஜமானியம்மா, நோனா, பூனையோடுகூட இங்கிலீஷில்தான் பேசுவார். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு ஊர் திரும்பி மெஷினைப் போட்டாள். ஒரு மாதத்தில் டீச்சர் ஆகிவிட்டாள்.

கொப்பி எடுக்க வருகிறவர்களைவிடக் கடதாசியை வாசித்துச் சொல்லக் கேட்டு வருகிறவர்கள்தான் அதிகம். தோட்டத்து ஒபிஸ் கடிதம், வெளிநாட்டு ஏஜென்சிக்காரன் அனுப்பியது, ஆஸ்பத்திரித் துண்டு. சிங்களத்தில் இருந்தால் பாதிப் பேர் தட்டுத்தடுமாறி வாசித்துவிடுவார்கள். இங்கிலீஷ் என்றால் நேரே இங்கேதான்.

இங்கிலீஷ் வாசிப்பதில் தனலெட்சுமிக்கென்று ஒரு வழி இருந்தது. தெரியாத சொல் வந்தால் கோழியை வெட்டுகிற மாதிரி துண்டு துண்டாகப் போடுவாள். ஏதாவது ஒரு துண்டில் தமிழ் தட்டுப்படும். கட்டுமரமும் மிளகுத்தண்ணியும் இங்கிலீஷுக்குள்ளே போய் வேஷம் போட்டுக்கொண்டு இருப்பதை நோனாவின் அகராதியில் அவள் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். "எந்த இங்கிலீஷையும் கழட்டிப் பாருங்க, உள்ளுக்கு நம்ம ஆளு ஒருத்தன் ஒக்காந்திருப்பான்" என்பாள். பாதி நாள் பலிக்கும். பலிக்காத பாதி யாருக்கும் தெரியவராது, அதுதான் இந்தத் தொழிலில் உள்ள வசதி. தெரியாது என்ற ஒரு சொல் மட்டும் அவள் வாயில் வந்ததில்லை. மூன்று மொழியிலும் வந்ததில்லை.

தை மாதத்தில் ஒரு காலை சிவசாமி ரிப்போட்டோடு வந்தார்.

சிவசாமிக்கு ஐம்பத்தெட்டு வயது. மழைக்காலத்தில் தோட்டத்தில் தண்ணீர் வடியக் கான் வெட்டுவார். மார்கழிப் பௌர்ணமிப் போயாவிலிருந்து வைகாசி வெசாக் வரைக்கும், சிவனொளிபாத மலைக்குச் சனம் ஏறும் காலத்தில், சுமை தூக்குவார். படிக்கட்டு ஓரத்துக் கடைகளுக்குப் போகிற சீனி, மா, தண்ணீர்ப் போத்தல் எல்லாம் அவரைப் போல நாலைந்து பேரின் தோளில் ஏறித்தான் மேலே போக வேண்டும். அந்த வருடம் கொஞ்ச தூரம் ஏறினதுமே இடது தோளிலிருந்து விரல் நுனிவரை உளைச்சல் எடுத்தது. உட்கார்ந்தால் விட்டுவிடும், எழுந்து ஏறினால் திரும்ப வரும். ஆஸ்பத்திரியில் காட்டினார். அவர்கள் அட்டன் டவுனில் ஒரு பரிசோதனை எடுத்துக்கொண்டு அடுத்த மாதக் கிளினிக்குக்கு வரச் சொல்லிவிட்டார்கள். பரிசோதனை எடுத்த இடத்தில் யாரோ சிங்களத்தில் படபடவென்று ஏதோ சொன்னார்கள். அதில் 'கிளினிக்' என்ற சொல் மட்டும்தான் சிவசாமியின் காதில் தங்கியது.

"நெஞ்சுல ஜில்லுன்னு ஏதோ களிம்பத் தடவி உருட்டி உருட்டிப் பாத்தாங்க டீச்சர். டீவி மாதிரி ஒண்ணுல என்னமோ ஆடுச்சு. என்னா எழுதியிருக்காங்கன்னு பாத்துச் சொல்லுங்க."

தனலெட்சுமி கண்ணாடியைப் போட்டாள். எழுத்தும் எண்ணுமாகச் சுருக்கெழுத்துகள். அடியில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. அதில் ஒரு நீளச் சொல். துண்டு போட்டாள். கேயும் ஐயும் சேர்ந்தால் என்ன வரும்? கைட், கைண்ட் என்றுதானே வரும். எதிரே சிவசாமி வலது கையால் இடது கையைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உள்ளே ஒளிந்திருந்த நம்ம ஆள் சிரித்துக்கொண்டு எழுந்து வந்தான்.

"ஹைபோகைனீசியா" என்றாள். "கையில வர்ற நோய்தான்."

"கைபோ கைனீசியாவா? ரெண்டு கை வருதே டீச்சர்."

"இப்பதைக்கு எடது மட்டுந்தான். கவனிக்காம விட்டா வலதுக்கும் வரும். அதான் ரெண்டு தடவ போட்டிருக்காங்க."

"அப்ப நெஞ்சுல ஏன் பாத்தாங்க?"

"நரம்பு அங்கருந்துதானேண்ணே கைக்கு எறங்குது."

சிவசாமி தலையாட்டினார். அதே வரியில் 'வோல்' என்று ஒரு சொல் இருந்தது. வோல் என்றால் சுவர், அது எல்லாருக்கும் தெரியும். உடம்பில் ஏது சுவர்? தனலெட்சுமி ஒரு நொடி தடுமாறினாள். ஒரு நொடிதான்.

"செவத்துல கைய ஊனக் கூடாதாம். நாப்பது வீதம்னு போட்டிருக்காங்க, பயப்பட வேணாம், நாப்பதுன்னா பாஸ்தான்."

"அப்ப மூட்டை?"

"கைக்கு வேல குடுக்காதீங்க. அம்புட்டுத்தான்."

இப்படியும் ஒரு மனுஷி இருப்பாளா என்று கேட்கத் தோன்றும். இருப்பாள். கெட்ட எண்ணம் ஒரு துளி கிடையாது. தெரிந்தவள் என்று ஊர் நம்புகிறது, அந்த நம்பிக்கையை ஏமாற்ற மனம் வராமல் எல்லாவற்றையும் தெரிந்ததாக்கிக்கொள்கிறாள்.

சிவசாமி அவள் சொல்லை வேதவாக்காக எடுத்துக்கொண்டார். இடது கையைத் துவாயில் தொட்டில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டார். சுவரைக் கண்டால் ஒரு சாண் விலகி நடந்தார். கால் நன்றாக இருக்கிறது, முதுகு நன்றாக இருக்கிறது, கை மட்டும்தானே என்று கணக்குப் போட்டு, மூட்டையைக் கயிற்றால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மலை ஏறினார். கட்டிவிடவும் அவிழ்த்துவிடவும் வேறு ஆள். உளைச்சல் குறையவில்லை. இன்னும் கவனமாகக் கைக்கு ஓய்வு கொடுக்க வேண்டும் என்று நினைத்து வலது கையையும் மடியில் போட்டுக்கொண்டார். "டீச்சர் மட்டும் சொல்லலேன்னா கை போயிருக்கும்" என்று செல்லசாமியின் கடையில் நாலு பேர் கேட்கச் சொன்னார். தகரக் கூரைக்கு இந்தப் பக்கம் தனலெட்சுமிக்கும் அது கேட்டது. மனசு குளிர்ந்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

மாசி பிறந்து ஒரு வெள்ளிக்கிழமை ராசம்மா வந்தாள். சிவசாமியின் கிளினிக்குக்கு இன்னும் நாலு நாள் இருந்தது.

ராசம்மா முப்பது வருடம் கொழுந்து எடுத்து ஓய்ந்தவள். அடிமேல் அடி வைத்துத் தரையைத் தேய்த்துக்கொண்டே வந்து, கதிரையில் உட்கார வெகுநேரம் எடுத்துக்கொண்டாள். கண்டியில் பெரிய டொக்டர் ஒருவர் பார்த்து எழுதிக் கொடுத்த கடிதம் கையில் இருந்தது. அவளுக்கு வேண்டியதெல்லாம் ஒரே ஒரு பதில்தான். மருமகள் அவளைச் சோம்பேறி என்கிறாள். கூப்பிட்டால் எழுந்து வருவதில்லை, வேண்டுமென்றே செய்கிறாள் என்கிறாள். கடிதத்தில் என்ன எழுதியிருக்கிறது?

தனலெட்சுமி வாசித்தாள். பிராடி-கைனீசியா. பழைய ஆள்தான். முன்னால் வேறு சட்டை போட்டிருக்கிறான், அவ்வளவுதான்.

"கையில நோய்க்கா. கைனீசியா."

ராசம்மா மெதுவாக இரண்டு கையையும் தூக்கி மேசைக்கு மேலே காட்டினாள்.

"கை... நல்லாத்தானே இருக்கு டீச்சரம்மா. கைய அவரு அவ்வளவா பாக்கல. நடந்து காட்டச் சொன்னாரு. திரும்பச் சொன்னாரு. பேசச் சொன்னாரு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "கால் தூக்குன்னா ஒடனே தூக்க மாட்டேங்குது. பேச்சும் சுணங்குது. சிரிக்கணும்னு நெனச்சா, நெனச்சு முடிச்சுக் கொஞ்சம் பொறுத்துத்தான்... சிரிப்பு வருது. இது எப்பிடி கையாகும்?"

மற்ற நாள் என்றால் தனலெட்சுமியிடம் இதற்கும் ஒரு நரம்பு இருந்திருக்கும். அன்று அவள் கண் அந்தத் தூக்கிய கைகளிலேயே நின்றது. ஒரு இலையைக்கூட விடாமல் முப்பது வருடம் கிள்ளிய கைகள். அவற்றில் நடுக்கம் இல்லை, வீக்கம் இல்லை. தயங்கித் தயங்கி எழுந்தன, அவ்வளவுதான்.

போனை எடுத்து வாசல் ஓரம் போனாள். அங்கேதான் சிக்னல் கிடைக்கும். சொல்லை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டினாள். வந்ததை இரண்டு தரம் வாசித்தாள். பிராடி என்றால் மெதுவாக. பின்னால் வருவது அசைவு. இரண்டுமே கிரேக்கம். உள்ளே இத்தனை நாள் உட்கார்ந்திருந்தது நம்ம ஆளே இல்லை, எவனோ ஒரு கிரேக்கன். ஓடுகிற படத்துக்கு சினிமா என்று பெயர் வந்ததும் இதே வேரிலிருந்துதான் என்று கீழே போட்டிருந்தது.

ஓடுகிற படம். டீவி மாதிரி ஒண்ணுல என்னமோ ஆடுச்சு.

விரல் தானாக சிவசாமியின் ரிப்போட்டில் இருந்த சொல்லைத் தட்டியது. ஹைபோ என்றால் குறைவு. குறைந்த அசைவு. பக்கத்தில் ஒரு இதயப் படம். இதயத்துக்குச் சுவர் இருக்கிறதாம். முன்சுவர், பின்சுவர் எல்லாம் இருக்கிறதாம். ஒரு பக்கத்துச் சுவர் சரியாக அசையாவிட்டால் இப்படித்தான் எழுதுவார்களாம். நாற்பது என்பது பரீட்சைப் புள்ளி இல்லை. ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்னிடம் உள்ள இரத்தத்தில் நூற்றுக்கு எத்தனை பங்கை வெளியே தள்ளுகிறது என்ற கணக்கு. ஐம்பதுக்கு மேலே இருக்க வேண்டுமாம். நெஞ்சில் உள்ள கோளாறு இடது கையில் உளைச்சலாகக் காட்டும் என்றும் போட்டிருந்தது.

முழு மலையையும் அந்த மனுஷன் முதுகில் கட்டி அனுப்பியது அவள்தான்.

"ராசம்மாக்கா, ஒடம்பு முழுக்க அசைவு சுணங்கிப்போற நோய்னு எழுதியிருக்கு. சோம்பேறித்தனம் இல்ல. மருமக கிட்ட நானே வந்து சொல்றேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த கடைக்கு ஓடினாள்.

"சிவசாமியண்ணன் எங்க?"

செல்லசாமி தேத்தண்ணி ஆற்றிக்கொண்டிருந்தார். "சீனி மூட்டையோட போயி ஒரு மணித்தியாலம் இருக்கும்."

"போன் நம்பர் இருக்கா?"

"போன வீட்டுல வச்சிட்டுத்தான் போவாரு. அதுவும் கைக்கு வேலதானேன்னு." அவள் முகத்தைப் பார்த்துவிட்டுக் குவளையை வைத்தார். "என்னா டீச்சர்? ஆள் யாரையாச்சும் அனுப்பவா?"

"வேற யாரு சொன்னாலும் நம்ப மாட்டாரு. கைன்னு சொன்னது நானு. நாந்தான் போகணும். நீங்க ஒரு திரீவீலர் மட்டும் புடிச்சு வைங்க."

மலையின் அடிவாரத்தில் இருபது வருடமாகக் கடை வைத்திருப்பவள் ஒரு தரம்கூட அதில் ஏறியதில்லை. முழங்கால் வலி, கடையைப் பூட்ட முடியாது, அடுத்த வருடம் பார்க்கலாம் என்றே காலம் போனது. அன்று செருப்பு மாற்றக்கூட இல்லை. தேயிலை முடிந்து காட்டு மரம் தொடங்குவதற்குள் மூச்சு இரைத்தது. மேலே கும்பிட்டுவிட்டு இறங்கி வந்த சிங்களக் குடும்பங்கள் 'கருணாவை' என்று வாழ்த்திவிட்டுக் கடந்தன. வெள்ளைச் சேலை கட்டிய ஒரு அம்மா அவள் ஏறுகிற அழகைப் பார்த்துவிட்டு, முதல் தரமா என்று சிரித்தபடி கேட்டாள். ஆமாம் என்றாள் தனலெட்சுமி. கையைக் கட்டிக்கொண்டு மூட்டை சுமக்கிற ஒருவரைப் பார்த்தீர்களா என்று சிங்களத்தில் கேட்டாள். ஆற்றடியில் உட்கார்ந்திருக்கிறார், ஆள் முகம் சரியில்லை என்றாள் அந்த அம்மா.

சீத கங்குல ஓடை பாறைக்கு மேலே சலசலத்து ஓடிக்கொண்டிருந்தது. கரையில் ஒரு கல்லில் சிவசாமி உட்கார்ந்திருந்தார். முதுகில் மூட்டை அப்படியே இருந்தது. அவிழ்க்க ஆள் இல்லை, தானே அவிழ்த்தால் கைக்கு வேலை. இடது கை துவாய்த் தொட்டிலில், வலது கை மடியில். குளிரில் மற்றவர்கள் காதை மூடிக்கொண்டு போகையில் அவர் நெற்றியில் வேர்வை வழிந்தது.

"டீச்சரா! மலைக்கா வந்தீங்க?"

தனலெட்சுமி பின்னால் போய் மண்டியிட்டு முடிச்சை அவிழ்த்தாள். பல்லையும் நகத்தையும் போட்டு இழுத்து மூட்டையைக் கீழே தள்ளினாள்.

"இன்னும் கொஞ்சந்தான் டீச்சர், போயிருவேன்."

"வேணாம்ணே. நான் தப்பாச் சொல்லிட்டேன்."

வாழ்க்கையில் முதல் தரம் வெளியே வந்த 'தப்பு' என்ற சொல் ஒன்றும் அவளைக் கொன்றுவிடவில்லை. அதற்குப் பின்னால் மற்றவையும் வந்தன.

"கைனீசியால கை இல்லண்ணே. அசைவுன்னு அர்த்தமாம். நெஞ்சுல ஒரு பக்கம் சரியா அசையலன்னு எழுதியிருக்காங்க. எனக்குத் தெரியல. தெரிஞ்ச மாதிரி சொல்லிட்டேன்."

சிவசாமி துவாயில் தொங்கிய கையைக் குனிந்து பார்த்தார். கோபப்படுவார் என்று அவள் காத்திருந்தாள். கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

"அப்ப கைக்கு?"

"கைக்கு ஒண்ணுமில்ல."

அவர் துவாயிலிருந்து இடது கையை மெல்ல வெளியே எடுத்தார். விரல்களை மடக்கினார், நீட்டினார். "மூணு வாரமா இத ஒண்ணுமே செய்ய விடலையே" என்றார், அந்தக் கையிடமே மன்னிப்புக் கேட்பவரைப் போல.

மூட்டையை அடுத்து வந்த சுமைகாரன் எடுத்துக்கொண்டான். இருவரும் பத்துப் படி இறங்குவதும் உட்காருவதுமாகக் கீழே வந்தார்கள். வழி முழுக்க அவள் அவருடைய இடது கையைப் பிடித்திருந்தாள். மண்வெட்டி பிடித்துக் காய்த்துப்போன, ஒரு நோயும் இல்லாத கை. தடுமாறின இடத்தில் எல்லாம் அதுதான் அவளைத் தாங்கியது.

ஆஸ்பத்திரியில் ஒரு இளம் டொக்டரம்மா ரிப்போட்டைப் பார்த்ததும் அவரைக் கட்டிலில் படுக்க வைத்துவிட்டார். வயர்களை மாட்டினார்கள், நாக்குக்கு அடியில் ஏதோ குளிசை வைத்தார்கள். இன்னும் இப்படியே சுமந்திருந்தால் செவ்வாய்க்கிழமைக் கிளினிக்குக்கு இந்த ஆள் வந்திருக்க மாட்டார் என்று சிங்களத்தில் சொல்லிவிட்டு, சரியான நேரத்தில் கூட்டிவந்தது யார் என்று கேட்டார்.

சிவசாமி படுத்தபடியே விரலை நீட்டினார். அவருக்குத் தெரிந்த சிங்களத்தில், "எங்க டீச்சர்தான். ரிப்போட்ட வாசிச்சுக் கண்டுபிடிச்சாங்க" என்றார்.

வாங்குப் பலகையில் வரிசையாக உட்கார்ந்திருந்த பத்துப் பன்னிரண்டு பேரும் திரும்பிப் பார்த்தார்கள். எல்லாரும் தெரிந்த முகங்கள், இன்றைக்கோ நாளைக்கோ கடதாசியோடு அவள் கடைக்கு வரப்போகிறவர்கள். வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். அந்தப் பெயர் ஆயுசுக்கும் நிற்கும்.

"இல்ல" என்றாள் தனலெட்சுமி. டொக்டருக்குச் சிங்களத்திலும், வாங்கில் இருந்தவர்களுக்குத் தமிழிலுமாக இரண்டு தரம் சொன்னாள். "நான் தப்பா வாசிச்சேன். கையில நோய்னு சொல்லி மூணு வாரம் மூட்டை தூக்க விட்டது நாந்தான்."

டொக்டரம்மா ரிப்போட்டைக் கட்டில் தலைமாட்டில் வைத்துவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனார்.

செய்தி அவளுக்கு முன்னால் பஸ் ஏறி நல்லதண்ணி போய்ச் சேர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு பத்து நாள் கொப்பி எடுக்க மட்டும் ஆள் வந்தது. கடதாசியை வாசிக்க யாரும் நீட்டவில்லை. சிவசாமி ஒரு பை நிறையக் குளிசையோடு வீட்டுக்கு வந்தார். மூட்டைக்கும் மலைக்கும் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். மலை ஏறுகிறவர்கள் வழியில் நூல் சுற்றிவிட்டுப் போவது வழக்கம். அந்த நூலுண்டைகளை உருட்டி விற்கும் வேலையைச் செல்லசாமியின் கடை வாசலிலேயே தொடங்கினார். முழுக்கக் கை வேலை. இடது கை பிடிக்க, வலது கை சுற்றும். தகரக் கூரைக்கு இந்தப் பக்கமிருந்து தனலெட்சுமி அதைப் பார்த்துக்கொண்டிருப்பாள்.

பதினோராம் நாள் ராசம்மா தரையைத் தேய்த்துக்கொண்டு வந்தாள். கண்டியிலிருந்து புதுக் கடிதம்.

"மருமக... இப்ப பொறுமையா நிக்கிறா டீச்சரம்மா. இதையும் பாருங்க."

தனலெட்சுமி கண்ணாடியைப் போட்டு வாசித்தாள். மருந்துப் பெயர் ஒன்று. அதற்குப் பக்கத்தில் ஒரு சொல். வால் பழையதுதான், கைனீசியா. தலை வேறு, டிஸ் என்று தொடங்கியது. அந்தத் தலையை அவள் முன்னே பின்னே பார்த்ததில்லை. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பின்னால இருக்கிறது அசைவு, அது தெரியும். முன்னால இருக்கிறது எனக்குத் தெரியாதுக்கா. பாத்துட்டுச் சொல்றேன்."

ராசம்மாவின் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தனலெட்சுமி உடனே போனை எடுக்கவில்லை, அவசரப்படவும் இல்லை. பக்கத்தில் நூல் சுற்றிக்கொண்டிருந்த சிவசாமியும் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார். கொஞ்சம் பொறுத்திருந்தார்கள். ராசம்மாவின் முகத்தில் சிரிப்பு வந்தது.